கல்லும் வழியும்

நேயர்களே, சிறுநீரகத்தில் விளையும் கல்லை, உடலைக் கீறாமலே உடைத்துவிடும் சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சிகிச்சையின் வெற்றியைப் பலரும் பேசியிருக்கின்றனர். அவ்வெற்றியைத் தொடர்ந்து வந்த ஓர் இடரைப்பற்றி நான் இன்று பேச விரும்புகிறேன்.

கல்லடைப்பு பழமையான நோய். சிறுநீர்ப்பையிலுள்ள கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருதர் விவரித்துள்ளார். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழியோ, கல்லுக்காகக் கத்தி எடுப்பதில்லை என்று மருத்துவனைச் சூளுரைக்கச் செய்கிறது. அத்துணை அச்சம்! இருபதாம் நூற்றாண்டிலும் சிறுநீரகத்தின் பெரிய கல்லை எடுக்க விலாப்புறத்தைத் திறக்கவேண்டியிருந்தது.

புதுவழி பிறந்த இடமோ விமானத் தொழிற்சாலை. ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதினால் என்ன நேரும் என்று ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அம்மோதலில் எழும் அதிர்வலைகளைப் பற்றிய அறிவு, பின்னர் மருத்துவர் கைக்கு வந்தது. நீருக்குள் மின்பொறி ஒன்றை எழுப்பி, அதன் அலைகளைக் கிண்ணம் போன்ற உலோகப் பரப்பால் ஒரு புள்ளியில் குவித்தனர். தசை பெரும்பாலும் நீரை ஒத்தது. ஆகையால் அலைகள் அதனூடே எளிதிற் செல்லும். கல்லின் இயல்பு வேறு. அங்கே அவை தாக்கி உடைக்கும். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌஸியும் அவருடைய குழுவினரும் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சையைச் செய்தனர். 1984-இல் அமெரிக்காவும் இக்கருவியை ஏற்றுக்கொண்டது.

தொடக்கத்தில் சிறிய கற்களையே தேர்ந்தெடுத்தனர். அனுபவம் வளர, பெரிய கற்களையும் உடைக்கலாயினர். இங்கே ஒரு கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். 2 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக் கல், 1 செ.மீ. கல்லைப்போல் இருமடங்கன்று, பருமனில் எட்டு மடங்கு. 3 செ.மீ. கல்லோ இருபத்தேழு மடங்கு! இத்தனை துண்டுகளும் வெளியேற உள்ள பாதை, 25 முதல் 30 செ.மீ. நீளமும் சில மில்லிமீட்டர் அகலமுமே உடைய சிறுநீர்க் குழாய். முன்னே சென்ற துண்டு சிக்கினால், பின்னே வருபவை அதன்மேல் வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. எக்ஸ்ரே படத்தில் கல் பாவிய தெருவைப்போல் தோன்றுவதால், ஜெர்மானியர் இதற்கு 'ஸ்டைன்ஷ்ட்ராஸெ', அதாவது 'கல் தெரு' என்று பெயரிட்டனர்.

தடைப்பட்ட சிறுநீர் பின்வாங்கிச் சிறுநீரகத்தை வீங்கச் செய்கிறது. சிலருக்கு வலியே இராது, அதுவே பெருங்கேடு. நோயாளி நலமென்று நம்பியிருக்க, சிறுநீரகம் ஓசையின்றி ஆற்றலை இழக்கும். காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சைக்குப் பின் மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

மருத்துவர்கள் இதற்கு மாற்றுக் கண்டனர். இரு முனையும் வளைந்த மெல்லிய குழாயொன்றை முன்கூட்டியே உள்ளே வைத்துச் சிறுநீருக்கு வழி காத்தனர். சிக்கிய துண்டுகளை நுண்ணிய உள்நோக்கிக் கருவியால் எடுத்தனர். 2 செ.மீ.-க்கு மேற்பட்ட சிறுநீரகக் கற்களுக்கு, முதுகில் சிறு துளையிட்டு எடுக்கும் முறையையே இன்று பெரும்பாலும் முதலில் கருதுகின்றனர். அம்முறையைப் பற்றிச் சுவீடன் மருத்துவர்கள் 1976-இலேயே எழுதியிருந்தனர்.

மாணவ நண்பர்களே, புதிய கருவி பழைய வினாவைத் தீர்த்துப் புதிய வினாவை எழுப்பிற்று. கல்லை உடைப்பது எப்படி என்று கேட்டவர்கள், உடைந்தது எவ்வழியே போகும் என்றும் கேட்கக் கற்றனர். அந்த இரண்டாம் கேள்வி பல சிறுநீரகங்களைக் காத்தது. நீங்கள் எத்துறைக்குச் சென்றாலும் அதனைக் கேட்க மறவாதீர்கள்.