பூட்டிய வண்டியும் கட்டிய வண்டியும்

அபர்டீன் பஜாரின் கடைகளில் விற்கும் அரிசியும் வெங்காயமும் சோப்பும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. இருப்புப்பாதை இல்லாத அத்தீவுகளில், துறைமுகத்தில் இறங்கும் சரக்கு மணிக்கூண்டைச் சுற்றிய கடைத்தெருவை அடைவது லாரியில்தான். அங்கிருந்து வடக்கே மாயாபந்தருக்கும் திக்லிப்பூருக்கும் அந்தமான் டிரங்க் சாலை செல்கிறது. ஜாரவா காப்பகத்தினூடே வண்டிகள் அணியாகவே செல்ல வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையைப் படகில் ஏறியே கடக்க வேண்டும். ஏற்றமும் வளைவும் படகுத்துறையும் நிறைந்த இத்தகைய தடத்தில் வண்டியின் நீளமே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. நீண்ட டிரெய்லரைவிட, பெட்டியும் எஞ்சினும் ஒரே சட்டத்தில் அமைந்த லாரியே இங்கு ஏற்றது.

சரக்கு லாரிகள் அமைப்பால் இருவகைப்படும். ஒன்றில் இழுக்கும் வண்டி தனி, சுமக்கும் வண்டி தனி. இரண்டும் ஓர் இணைப்பில் பூட்டப்படும். மற்றொன்றில் எஞ்சின், கேபின், சுமைப்பெட்டி ஆகிய மூன்றும் ஒரே சேசிஸின் மேல் கட்டப்படும். முதல் வகையின் இழுவை வண்டியை இரண்டாம் வகைப் பெட்டி லாரியாக மாற்றுவது மேலோட்டமாகப் பார்த்தால் எளிய பட்டறை வேலை. அதன் வரலாறோ மாட்டுவண்டிக் காலம் வரை பின்னோக்கிச் செல்கிறது.

தொடக்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறான மாற்றமே. 1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்னும் கொல்லரிடம் மரவணிகர் ஒருவர் வந்தார். அவருடைய படகை ஏரிக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஃப்ரூஹாஃப் குதிரைவண்டி செய்து பழகியவர். அவர் ஃபோர்டு மாடல் டி காரைக் குதிரையின் இடத்தில் வைத்து, அதன் பின்புறத்தில் ஓர் இணைப்பை அமைத்து, படகு ஏற்றிய இழுவண்டியைப் பூட்டினார். அதாவது, தனியுடல் கொண்ட வண்டி ஒன்று இழுவை வண்டியாயிற்று. இவ்வகை முயற்சிகள் முன்னரும் இருந்தன எனினும், பெருந்தொழிலாக வளர்ந்தது இதுவே. இழுவையையும் டிரெய்லரையும் பிணைக்கும் வட்டத்தட்டுக்கு இன்றும் வழங்கும் ‘ஐந்தாம் சக்கரம்’ என்ற பெயர் குதிரைவண்டியிலிருந்து வந்தது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடைமட்டமாக வைத்த வளையமே அந்த ஐந்தாவது சக்கரம்.

தமிழிலும் இத்தொடர்ச்சி சொற்களில் தங்கியிருக்கிறது. மாட்டை நுகத்தில் பூட்டிப் பயணத்துக்கு ஆயத்தமாவதை ‘வண்டி கட்டுதல்’ என்றனர். வீடும் கப்பலும்கூடக் கட்டப்படுபவையே. லாரி வந்தபோது இதே வினை ‘பாடி கட்டுதல்’ என்று இடம் மாறியது. பெயர்ச்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. வினைச்சொல் நம்முடையதாகவே நின்றது. அசோக் லேலண்டின் ‘டாரஸ்’ என்ற மாதிரியின் பெயர் தமிழ்நாட்டில் பல அச்சு லாரிகளுக்குப் பொதுப்பெயராயிற்று. லத்தீனில் அச்சொல்லுக்குக் காளை என்று பொருள் என்பது சுவையான தற்செயல்.

இச்சொல் வேரூன்றியதற்குத் தொழில்முறையே காரணம். 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆலை அமைத்த அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டாடா நிறுவனம் 1954இல் டெய்ம்லர் பென்ஸுடன் உடன்பாடு செய்தது. ஆலைகளிலிருந்து வெளிவந்த லாரிகள் பெரும்பாலும் எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டுமே கொண்ட வெற்றுச் சேசிஸ்கள். அவற்றுக்குக் கேபினும் சுமைத்தளமும் கொடுத்தவை பட்டறைகள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாமக்கல் லாரிக்கும், கரூர் பேருந்துக்கும் பாடி கட்டும் ஊர்களாகப் பெயர் பெற்றன. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் அறியப்பட்டது. வண்டியின் பாதியை ஆலை செய்தது, மறுபாதியைத் தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் செய்தனர்.

இவ்வளவு தேர்ச்சி இருக்கையில், இழுவை வண்டியின் மேல் ஒரு பெட்டியை ஏற்றிவிடுவதில் என்ன கடினம்? விடை சுமை இறங்கும் இடத்தில் இருக்கிறது. இழுவை வண்டியின் சட்டம் குட்டையானது. டிரெய்லரின் முன்பாரம் ஐந்தாம் சக்கரம் என்னும் ஓரிடத்தில் இறங்கும். பெட்டி லாரியிலோ சுமை சட்டத்தின் நீளம் முழுவதும் பரவ வேண்டும். மேலும், பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. எடுத்துக்காட்டாக, அச்சிடைத் தொலைவு 3.6 மீட்டராயின் பின்நீட்சி 2.16 மீட்டருக்கு மேல் போகலாகாது. கேபினின் பின்சுவர் முன் அச்சுக்கு 0.7 மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொண்டால், பெட்டிக்குக் கிடைப்பது சுமார் 5 மீட்டர்தான். 7 மீட்டர் பெட்டி வேண்டுமெனில் அச்சிடைத் தொலைவு ஏறத்தாழ 4.8 மீட்டராக வேண்டும். ஆகவே சட்டத்தை வெட்டி 1.2 மீட்டர் நீட்டியாக வேண்டும்.

அங்கேதான் வேலையின் கடுமை தொடங்குகிறது. லாரிச் சட்டத்தின் உறுதியான எஃகு வெல்டிங் வெப்பத்தில் பதம் இழக்கும். நேராக வெட்டி ஒட்டினால் பலவீனம் முழுவதும் ஒரே கோட்டில் குவியும். எனவே சாய்வாக வெட்டி, உட்புறம் மற்றொரு எஃகுச் சட்டத்தைப் பொருத்தி வலுவூட்டுவர். வில் தாங்கிகளுக்கு அருகில் வெட்டுவதைத் தவிர்ப்பர். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒரே தண்டாக நீட்டினால் வேகத்தில் அதிரும். அதனை இரண்டாகப் பிரித்து நடுவே பேரிங் தாங்கியை வைக்க வேண்டும். டிரெய்லருக்குச் செல்லும் காற்றுக்குழாய்களை அடைத்து, பிரேக்கைப் புதிய எடைப் பகிர்வுக்கு ஏற்பச் சீர்செய்ய வேண்டும். பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே துணைச்சட்டம் ஒன்றும் தேவை. மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது அம்முறுக்கு முழுவதும் பெட்டியின் மூலைகளில் இறங்காமல் காப்பது அதுவே.

ஐரோப்பாவில் மூப்படைந்த இழுவை வண்டிகள் குதிரை ஏற்றும் வண்டிகளாகவும் பெட்டி லாரிகளாகவும் இவ்வாறு மறுபிறவி எடுப்பதுண்டு. இந்தியாவில் இம்மாற்றத்தின் முன் நிற்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும் வண்ணம் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்ற வடிவை அது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெற்றது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அச்சிடைத் தொலைவு பதிவுச் சான்றில் எழுதப்படும் விவரங்களுள் ஒன்று. ஆகவே புதிய சேசிஸின் மேல் விதிப்படி பாடி கட்டுவது வேறு. பதிவான இழுவை வண்டியை வெட்டி நீட்டுவது வேறு. முன்னதற்கு ஏஐஎஸ்-093 என்னும் தரநெறி உண்டு. பின்னது தடையின் எல்லைக்குள் நேராக விழுகிறது.

சட்டத்தின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பிழையான ஒரு வெல்டிங் பாரமேற்றிய வண்டியை மலைவளைவில் இரண்டாக முறிக்கக்கூடும். மாள்வது அதை வெட்டியவர் அல்லர், எதிரே வருபவர். ஆயினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. முன்பு வண்டியின் மறுபாதிக்குப் பட்டறையே ஆசிரியர். இன்று உற்பத்தியாளரின் வரைபடமே முழு உண்மை. பட்டறையின் அறிவு எந்தச் சான்றிலும் பதிவாவதில்லை. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்பதைக் கையால் அறிந்தவரைத் தேர்ந்து, சோதித்து, உரிமம் வழங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தால் பாதுகாப்பும் கெடாது, அந்த அறிவும் அழியாது.

தீவுகளுக்கு இது வெறும் சட்டவினா அன்று. அங்கே புதிய லாரியும் உதிரிபாகமும் கப்பலேறியே வர வேண்டும். உள்ள வண்டியை வேறொரு பணிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள முடியுமா என்பது பொருளின் விலையைத் தொடும் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். அவர்களுடைய மொழியில் வண்டி என்பது என்றுமே கட்டப்படும் ஒன்று. அதனைக் கட்டும் உரிமை யாருடையது என்பதைத்தான் 52ஆம் பிரிவு இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது.