முதுகெலும்பில் ஓர் எஃகுக் குண்டு

நமது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்திருப்பது வட்டு. பழுதுற்ற வட்டை நீக்கி, மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாகப் பிணைத்துவிடுவது பழைய சிகிச்சை. வலி தணியலாம், ஆனால் அவ்விடத்தில் அசைவு போய்விடும்.

அசைவைக் காக்க விரும்பிய சுவீடன் நாட்டு மருத்துவர் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம், வட்டு இருந்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டை வைத்தார். 1966-இல் அவர் வெளியிட்ட கணக்கில் 125 நோயாளிகள், 191 குண்டுகள்! குண்டு உருளும், சரிதான். ஆனால் அது எலும்பைத் தொடுவது மிகச் சிறிய பரப்பில். உடலின் பாரம் அங்கேயே அழுந்தியதால், நாளடைவில் பல குண்டுகள் எலும்புக்குள் புதைந்தன.

கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் குர்ட் ஷெல்நாக்கும் கரின் பியூட்னர்-யான்சும் வேறு வழி கண்டனர். (கரின் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரு தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. முதுகு வளைவதன் அருமை அவருக்குத் தெரியாதா?) மேலும் கீழும் உலோகத் தகடுகள், நடுவே நழுவும் பாலிஎதிலீன் வில்லை. 1984-இல் முதன்முதலாகப் பொருத்தினர். அந்தச் சிறு தகடுகளும் புதைந்தன. அடுத்த அமைப்பில் தகடுகளை அகலமாக்கினர். அவை விரிசல் கண்டன. 1987-இல் வந்த மூன்றாவது அமைப்பில் கோபால்ட்-குரோமியக் கலவையில் வார்த்த அகன்ற தகடுகள் இடம்பெற்றன. அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது 2004-இல்தான்.