மெரியன், 1950: படத்தில் தெரியாத வலி

சென்ற வாரம் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸை மெரியன் மைதானத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற சாதனையை அவர் அங்கேதான் நிறைவு செய்தார். அதே மைதானத்துக்கு இருபது ஆண்டு கழித்து மறுபடி போவோம். ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய ஆர்ட்மோரில், 1950 ஜூன் மாதம், அமெரிக்க ஓப்பனின் 50-ஆவது போட்டி நடந்தது.

அந்தப் போட்டியை நேரில் பார்க்காத தலைமுறைகளும் அதை ஒரு புகைப்படத்தால் அறியும். ஹை பெஸ்கின் எடுத்தது. பென் ஹோகன் மட்டையை வீசி முடித்து நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். இரு பக்கமும் ஜனத்திரள். தொலைவில் கடைசிக் குழியின் புல்தரை. வெற்றிக் கணத்தின் படம் என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில், கையிலிருந்த முன்னிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுத்து, தோல்வியின் விளிம்பில் நின்ற மனிதரின் படம் அது. அதனாலேயே எனக்கு அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பதினாறு மாதம் பின்னோக்கிப் போக வேண்டும். 1949 பிப்ரவரி 2. ஃபீனிக்ஸ் போட்டியை முடித்துக்கொண்டு மனைவி வேலரியுடன் காரில் டெக்சாஸ் திரும்பிக்கொண்டிருந்தார் ஹோகன். வான் ஹார்ன் என்ற சிற்றூருக்கு அருகே மூடுபனி. முன்னால் போன லாரியை முந்த முயன்ற ஒரு பேருந்து நேரே எதிரில் வந்துவிட்டது. மனைவியைக் காப்பாற்ற அவர் மீது குறுக்கே பாய்ந்தார் ஹோகன். ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு போனது. இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் எல்லாம் முறிந்திருந்தன. அவையாவது ஆறும். பெரிய ஆபத்து பிறகு வந்தது. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறத் தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற அறுவை மருத்துவரை ராணுவ விமானத்தில், ஹோகன் சிகிச்சை பெற்ற எல் பாசோவுக்கு அழைத்து வந்தார்கள். உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரையை வயிற்றுக்குள் கட்டி அடைத்தார் அவர். உயிர் தப்பியது. ஆனால் அதன் பிறகு கால்களின் இரத்தம் சின்னச் சின்னச் சிரைகள் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். சிறிது தூரம் நடந்தாலே கால் வீங்கும், கெண்டைச்சதை இழுத்துப் பிடிக்கும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். கோல்ஃபோ நடந்து நடந்து ஆட வேண்டிய ஆட்டம்!

மெரியனில் ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் வெந்நீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் கால்களை ஊறவைப்பார். பிறகு கணுக்காலிலிருந்து தொடை வரை பேண்டேஜ். ஆட்டம் முடிந்ததும் திரும்பவும் வெந்நீர். வியாழனன்று 72, வெள்ளியன்று 69. முதல் நாள் உலகமே பேசியது அவரைப் பற்றி அல்ல. அலபாமாவைச் சேர்ந்த லீ மேக்கி என்ற, யாரும் அறியாத இளைஞர் 64 அடித்து அமெரிக்க ஓப்பனில் சாதனை படைத்திருந்தார். மறுநாள் அவருக்கு 81. பாவம், அத்தோடு போட்டியில் மங்கிவிட்டார்.

அக்காலத்து விதிப்படி சனிக்கிழமை ஒரே நாளில் 36 குழிகள். பந்து போகும் பாதையை மட்டும் அளந்தாலே 12 கிலோமீட்டருக்கு மேல். காலையில் ஹோகன் 72. லாய்ட் மாங்ரம் அவரைவிட இரண்டு ஸ்ட்ரோக் முன்னால் இருந்தார். பிற்பகலில் மாங்ரம் தடுமாறி 76 எடுக்க, ஹோகன் முன்னேறினார். 12-ஆவது குழிக்கு வந்தபோது மூன்று ஸ்ட்ரோக் முன்னிலை. அங்கே பந்தை அடித்த வேகத்தில் கால் இழுத்துப் பிடித்து, விழப் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வோர் அடியும் வலிதான். குழியில் விழுந்த பந்தைக் குனிந்து எடுக்கக்கூட முடியாததால், மட்டைப் பையைச் சுமக்கும் கேடி எடுத்துக் கொடுத்தார். 12-ல் ஒன்று போனது. 15-ல் மிகக் குறுகிய தூரத்திலிருந்து தட்டிய பந்து குழிக்குள் போகவில்லை. 17-ல் இன்னொன்று. முன்னிலை முழுதும் கரைந்தது.

18-ஆவது குழி 458 கஜம். பழைய கல்குவாரியைத் தாண்டி முதல் அடி. மாங்ரமும், உள்ளூர்க்காரர் என்றே சொல்லத்தக்க ஜார்ஜ் ஃபாசியோவும் 287-ல் முடித்துக் காத்திருந்தார்கள். ஹோகன் நான்கே ஸ்ட்ரோக்கில் முடித்தால்தான் சமநிலை. களைத்த கால்களோடு இரண்டாம் அடிக்கு அவர் எடுத்தது ஒன்-அயர்ன். அடிப்பதற்கு மிகக் கடினமான இரும்பு மட்டை. மெரியனில் தேவைப்படாது என்று செவன்-அயர்னை எடுத்துவிட்டு இதைப் பையில் வைத்திருந்தார். பந்து புல்தரையில் இறங்கி, குழியிலிருந்து சுமார் 12 மீட்டரில் நின்றது. இரண்டு தட்டில் முடித்தார். புகைப்படத்தில் பதிவான அந்தப் புகழ்பெற்ற அடி அவருக்குத் தந்தது கோப்பையை அல்ல, மறுநாள் மூவருக்குமான தீர்வு ஆட்டத்தில் இன்னும் 18 குழி நடக்கும் கடமையை.

முந்தைய நாள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நிற்பாரா என்றே ஐயப்பட்டிருப்பார்கள். எழுந்து வந்தார். 15 குழி முடிந்தபோது மாங்ரமைவிட ஒரே ஒரு ஸ்ட்ரோக் முன்னால். 16-ல் மாங்ரமின் பந்தில் ஒரு பூச்சி உட்கார்ந்தது. அவர் பந்தைத் தூக்கி ஊதிவிட்டு வைத்தார். அன்றைய விதி அதை அனுமதிக்கவில்லை. இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. மாங்ரமும் இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுத் திரும்பி, 1946-ல் இதே பட்டத்தை வென்றவர். ஒரு பூச்சியால் அவருடைய வாய்ப்பு முடிந்ததை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. ஆனால் வெற்றி பூச்சியால் வந்தது என்று சொல்வது ஹோகனுக்குச் செய்யும் அநியாயம். அடுத்த குழியிலேயே மிக நீண்ட தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் அனுப்பினார். கடைசிக் கணக்கு: ஹோகன் 69, மாங்ரம் 73, ஃபாசியோ 75. நான்கு நாளில் 90 குழிகளை அந்தக் கால்கள் நடந்து முடித்திருந்தன.

ஹோகன் வென்ற ஒன்பது பெரிய பட்டங்களில் விபத்துக்கு முன் வந்தவை மூன்றுதான். மற்ற ஆறில் மூன்றை ஒரே ஆண்டில் வென்று, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி வரை போன 1953-ஆம் ஆண்டின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)