காகித வீரர்கள் – 17: வளைந்து கொடுத்த திருடன்

போன வாரம் காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸை நியூயார்க் ஃபோலி ஸ்கொயர் நீதிமன்றக் கட்டடத்தில் சாட்சி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். 1954, ஏப்ரல் 21, காமிக்ஸ் பற்றிய செனட் விசாரணை. செனட்டர் கீஃபாவர் கெய்ன்ஸ் வெளியிட்ட காமிக்ஸின் வெட்டுண்ட தலை அட்டையைத் தூக்கிக் காட்டப்போகிறார். அந்தக் கேள்வி பதில்தான் இன்றைய அத்தியாயம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று வாதாடிய டாக்டர் வெர்தாமின் புத்தகத்தில் இருக்கும் படங்களை ஒருமுறை புரட்டிக்கொள்வோமே என்று எடுத்தது வினையாகிவிட்டது. ஒரு படத்துக்கு மேல் நகர முடியவில்லை.

பெண் ஒருத்தியின் முகம். அகலத் திறந்த கண். அதைப் பார்த்து நெருங்கும் ஊசி முனை. 1947-இல் வந்த ‘ட்ரூ கிரைம் காமிக்ஸ்’ இரண்டாம் இதழில் உள்ள கட்டம் அது. கதையில் அது ஒரு கெட்ட கனவு. டாக்டர் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பிய்த்தெடுத்து, குழந்தைகள் கண்ணைக் குத்தும் படங்களைப் பார்த்து வளர்கிறார்கள் என்பதற்குச் சான்றாக அச்சிட்டுவிட்டார். அதை வரைந்தவர் ரத்தவெறி பிடித்த ஆசாமி என்றுதான் அன்றைய அம்மாக்கள் நினைத்திருப்பார்கள். அவர் பெயர் ஜாக் கோல். அமெரிக்க காமிக்ஸிலேயே மிகச் சந்தோஷமான நாயகனைப் படைத்த மனிதர். கெய்ன்ஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும். வாயாடி, அடுத்த வாரமும் பேசுவார்.

கோல் 1914-இல் பென்சில்வேனியாவின் நியூ காஸிலில் பிறந்தவர். தபால்வழிச் சித்திரப் பயிற்சியில் சேர ஆசை, கையில் காசு இல்லை. உள்பக்கங்களைக் குடைந்த ஒரு புத்தகத்துக்குள் வீட்டு சாண்ட்விச்சை ஒளித்துப் பள்ளிக்கு எடுத்துப்போவார். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு அப்படியே பயிற்சிக் கட்டணத்துக்குப் போகும். பதினேழு வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக லாஸ் ஏஞ்சலஸ் வரை மிதித்தார். அந்த அனுபவத்தை எழுதி ‘பாய்ஸ் லைஃப்’ பத்திரிகைக்கும் விற்றார். தகரக் குவளைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, 1936-இல் மனைவியோடு நியூயார்க் வந்து சேர்ந்தார்.

அங்கே ‘குவாலிட்டி காமிக்ஸ்’ நடத்திய எவரெட் ஆர்னால்ட் ஒரு புதுப் பத்திரிகைக்கு நாயகன் கேட்டார். கோல் ஒரு ரப்பர் மனிதனை முன்வைத்தார். பிளாஸ்டிக்தான் நாட்டின் புது அதிசயம், அந்தப் பெயரையே வை என்றார் ஆர்னால்ட். 1941 ஆகஸ்ட் தேதியிட்ட ‘போலீஸ் காமிக்ஸ்’ முதல் இதழில் பிளாஸ்டிக் மேன் வந்தான். அட்டையில் இடம் கிடைக்கவில்லை. அட்டையில் நின்ற ஃபயர்பிராண்டை இன்று யாருக்கும் தெரியாது. சில இதழ்களிலேயே அட்டை இவனுக்கு வந்துவிட்டது.

இவன் யோக்கியன் இல்லை. ‘ஈல்’ ஓபிரையன் என்கிற பெட்டி உடைக்கும் திருடன். கூட்டாளிகளோடு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் புகுந்து கொள்ளையடிக்கிறான். காவலாளி சுடுகிறான், அமிலத் தொட்டி கவிழ்ந்து மேலே கொட்டுகிறது. கூட்டாளிகள் காரைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். மலைப்பக்கம் தள்ளாடிப் போய் மயங்கி விழுந்தவனை ஒரு துறவி எடுத்துக் காப்பாற்றுகிறார். தேடி வந்த போலீஸையும் திருப்பி அனுப்புகிறார். கண்விழித்துக் கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் கை நீண்டுகொண்டே போகிறது. பெற்றோரைப் பறிகொடுத்து மாளிகையில் குமுறும் கோடீஸ்வரர்களையும், வேற்றுக் கிரகத்திலிருந்து நல்லொழுக்கத்தோடு வந்திறங்கியவர்களையும் இவனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். யாரோ ஒருவர் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காகத் திருந்திய நாயகன் இவன் ஒருவன்தான். எனக்கு அது போதும்.

திருந்தியவன் பழைய கும்பலுக்கே திரும்பிப் போகிறான். முகத்தைப் பிசைந்து பழைய ஈலாக்கிக்கொண்டு அவர்களோடு திருடக் கிளம்புவான். பிளாஸ்டிக் மேனாக அவர்களையே பிடித்துக் கொடுப்பான். ஒரே ஆள் போலீஸுக்கு உதவியும் செய்கிறான், போலீஸ் தேடும் ஆளாகவும் இருக்கிறான்.

கோலின் பக்கங்களை மெதுவாகப் பார்க்க வேண்டும். ரவுடிகள் ஒரு அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். மூலையில் ஒரு நாற்காலி, சிவப்பு நிறம். நடுவில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை ஓடுகிறது. பிளாஸ்டிக் மேனின் உடுப்பும் இடுப்புப் பட்டையும் அதே நிறம்! நமக்குத் தெரிகிறது, ரவுடிகளுக்குத் தெரியவில்லை. உருவம் மாறினாலும் நிறம் மாறுவதில்லை என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு மேசை, விளக்கு, கம்பளம் என்று ஆண்டுக்கணக்கில் கண்ணாமூச்சி ஆடினார் கோல். முக்கியக் கதை நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் இரண்டு பேர் வேறு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கூத்து போதாதென்று 1942 நவம்பரில், பதின்மூன்றாம் இதழில், வூஸி விங்க்ஸைக் கொண்டுவந்தார். தொப்பை, ஓலைத் தொப்பி, புள்ளி போட்ட பச்சைச் சட்டை. மூழ்கவிருந்த ஒரு மந்திரவாதியைக் காப்பாற்றியதால், இயற்கையே இவனைப் பாதுகாக்கும் என்ற வரம் கிடைக்கிறது. வரத்தை வைத்து நல்லது செய்வதா, திருடுவதா? காசைச் சுண்டுகிறான். திருட்டு விழுகிறது. துரத்தினால் இடி மின்னல் குறுக்கே வருகிறது. உடம்பை மைல்கணக்கில் நீட்டத் தெரிந்த நாயகன், கடைசியில் அம்மாவை நினைத்துப் பார் என்று சொல்லி அவனை அழவைத்துத்தான் வழிக்குக் கொண்டுவருகிறான். பிற்பாடு எஃப்.பி.ஐ. வேலைக்கு நாயகனோடு போகிறபோதும் வூஸியின் கை சும்மா இருப்பதில்லை. மற்ற நாயகர்களுக்கு வாய்த்த எடுபிடிச் சிறுவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் இவன் ஒருவனுக்கு ஈடாகாது.

டாக்டர் வெர்தாம்மேல் எனக்கு முழுக் கோபம் கிடையாது. ஹார்லெமில் ஏழைகளுக்கு மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். ஆனால் கட்டத்தை மட்டும் பார்த்துப் பக்கத்தைப் பார்க்க மறுத்த குற்றத்துக்கு மன்னிப்பு இல்லை. கண்ணை நெருங்கும் ஊசியும் மேசைக் காலாக நீளும் சிவப்புக் காலும் ஒரே கையின் வேலை. எதையும் அதன் எல்லை வரை இழுத்துப் பார்க்கிற கை அது.

விசாரணை நடந்த ஆண்டிலேயே கோலின் கார்ட்டூன்கள் ‘பிளேபாய்’ பத்திரிகையில் வரத் தொடங்கிவிட்டன. பிளாஸ்டிக் மேனை அதற்கு முன்பே மற்றவர்கள் கையில் விட்டுவிட்டார். நீர்வண்ணத்தில் அவர் தீட்டிய பக்கங்களுக்குத் தனி மவுசு. 1958 மே மாதம், வாழ்நாள் கனவான நாளிதழ்த் தொடர் ‘பெட்ஸி அண்ட் மீ’ ஆரம்பித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 43 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனைவிக்கு எழுதிய கடிதம் இன்றுவரை வெளியாகவில்லை. அதற்குமேல் ஊகம் செய்ய எனக்கு மனமில்லை.

குவாலிட்டி 1956-இல் கடையைக் கட்டியது. உரிமைகளை வாங்கிய டிசி நிறுவனம் அதன் விமானிகள் கதையான ‘பிளாக்ஹாக்’கைத் தொடர்ந்து வெளியிட்டது. பிளாஸ்டிக் மேனைப் பரணில் போட்டது. எப்படிப் போட்டதென்றால், 1960-இல் ‘ஃபிளாஷ்’ இதழில் நீளும் துப்பறிவாளன் ஒருவனை அதே நிறுவனத்தார் புதிதாக உருவாக்கினார்கள். ‘எலாங்கேட்டட் மேன்’ என்று பெயரும் வைத்தார்கள். பிளாஸ்டிக் மேன் நம்மிடமே இருக்கிறான் என்று தெரிந்திருந்தால் அவனையே வைத்திருப்போமே என்று பிற்பாடு சொன்னார்கள். மறு ஆண்டே போட்டிக் கம்பெனியில் மிஸ்டர் ஃபென்டாஸ்டிக்கும் நீள ஆரம்பித்தார். 1966-இல்தான் டிசிக்கு நினைவு வந்தது. அதுவும் எப்படி? மாயச் சுழல்வட்டைச் சுற்றி வெவ்வேறு நாயகனாக மாறும் ராபி ரீட் என்ற பையன், ஒரு கதையில் சற்று நேரம் பிளாஸ்டிக் மேனாக மாறுகிறான். அவ்வளவுதான். தனி இதழ் அந்த ஆண்டுக் கடைசியில் வந்தது, கோல் இல்லாமல்.

(தொடரும்)