உண்ணல் கோளாறுகள்: சமூக, பண்பாட்டு, பாலினத் தாக்கங்கள்

உணவு, எடை, உடல்தோற்றம் பற்றிய கவலை மிகுந்து, பட்டினி கிடப்பது, அளவு மீறி உண்பது, உண்டதை வாந்தியெடுப்பது என நீளும் மனநோய்களே உண்ணல் கோளாறுகள். பட்டினி கிடக்க வைக்கும் அனோரெக்சியா, அளவு மீறி உண்டு வாந்தியெடுக்க வைக்கும் புலிமியா இரண்டும் பலரும் அறிந்தவை. இளம்பெண்களிடம் மிகுதி, ஆண்களுக்கும் வரும். ஆனால் ஆண்கள் வெளியே சொல்வது குறைவு.

பண்பாட்டின் தாக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: பசிஃபிக் தீவு நாடான ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடலைப் போற்றிய அப்பகுதியில், எடை குறைக்க வாந்தியெடுக்கும் மாணவியர் அப்போதைய ஆய்வில் எவரும் இல்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினர் அவ்வாறு செய்தனர். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வு, 14.8 விழுக்காட்டினரிடம் நோய் அளவை எட்டாத, உணவும் எடையும் பற்றிய லேசான 'உணவுத் தவிப்பு' கண்டது. இந்திய நோயாளிகள் சிலரிடம் பருமன் பற்றிய அச்சமே இருப்பதில்லை. "வயிறு சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை" என்பார்கள். விரதம் என்றும் சொல்வதுண்டு. அதனால் நோய் கண்ணில் படாமல் போகிறது.

சென்னை நொச்சிக்குப்பத்தில் கூடை முன் அமர்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போடும் பெண், கடைசி மீன் விற்ற பிறகே சோற்றில் கை வைக்கிறாள் என்றால் அது உழைப்பு தள்ளிப்போடும் பசி, நோயன்று. அவள் மகள் கைப்பேசியில் மெலிந்த முகங்களைப் பார்த்துத் தட்டை நகர்த்தினால், அங்கே கவனம் வேண்டும். இது பணக்கார வீட்டு நோய் என்பது தவறான எண்ணம். பெண் பார்க்க வருவோரின் "கொஞ்சம் குண்டு" என்ற சொல்லும் ஆழமாகத் தைக்கும்.

வீட்டில் யாரேனும் சாப்பாட்டுக்கு அஞ்சினால் திட்டாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை அழையுங்கள்.