கைத்துப்பாக்கித் தெரிவின் அரசியல்: தீவகத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று காரைநகர்ப் பக்கமாக நோக்குவார்க்கு, இடைக்கடலில் ஒரு சிறு கற்கோட்டை தென்படும். போர்த்துக்கேயர் அதனைக் 'காயிஸ்' கோட்டை என்றனர். காயிஸ் என்பது அவர்தம் மொழியில் இறங்குதுறையைக் குறிக்கும். 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கையின் வடிவத்தைப் பன்றித்தொடைக்கு ஒப்பிட்டு, அத்தொடையின் குதிகால் என்னும் பொருள்பட 'ஹம்மன்ஹீல்' எனப் பெயரிட்டனர். பிறர் நாட்டை உண்பொருளாகக் கண்டவர்களின் சொல்லாட்சி இவ்வாறிருத்தல் வியப்பன்று.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமானபோது, போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே தலையில் இருந்தன. 1580 தொட்டு 1640 வரை நீடித்த அவ்விணைப்பின் பயனாக, எமது தீவகமும் பசிபிக்கின் பிலிப்பைன் தீவுகளும் இருபதாண்டு காலம் ஓரரசனின் உடைமைகளாயின. இத்தொடர்பு இங்கு நினைவூட்டப்படுவதற்குக் காரணமுண்டு. இன்றைய ஆயுதச் சந்தையில் 'பழம்பாணி' என விரும்பி வாங்கப்படும் அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியின் வடிவம் அந்தப் பிலிப்பைன் தீவுகளின் மக்கள்மீது நடத்தப்பட்ட போரில் தோன்றியதாகும். ஆயுத நூல்கள் அதனைப் பொறியியல் மேதைமையின் வெற்றியாகவும், போட்டியிட்ட நிறுவனங்களுள் சிறந்தது வென்ற கதையாகவும் எழுதுகின்றன. அப்போட்டியின் அளவுகோலை வகுத்தது எது, அளவுகோலாக அமைந்த உடல்கள் யாருடையவை என்னும் வினாக்கள் அந்நூல்களில் எழுவதில்லை. இலக்கிய மாணவர்க்குத் துப்பாக்கியில் என்ன வேலை எனக் கேட்கப்படலாம். பரிசோதனை அறிக்கையும் ஒரு பனுவலே; அதன் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என வினவுவது எமது துறைக்குப் புறம்பானதன்று.

ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைனைப் பெற்றுக்கொண்ட அமெரிக்கா, 1899 முதல் அந்நாட்டு விடுதலைப் படையுடன் போரிட்டது. 1902இல் போர் முடிந்ததாக அறிவித்த பின்னரும், தெற்கே மிந்தனாவோ, சூலு தீவுகளில் வாழ்ந்த மோரோ முஸ்லிம் மக்களின் எதிர்ப்பு 1913 வரை ஓயவில்லை. மோரோக்களிடம் இருந்தவை பெரும்பாலும் வெட்டுவாளும் ஈட்டியுமே. அமெரிக்க அதிகாரிகளிடம் இருந்தது 0.38 அங்குலச் சுழல் துப்பாக்கி. அதன் ரவைகள் பல பாய்ந்த பின்னும் மோரோ வீரர் வீழாது முன்வந்தனர் என்னும் முறைப்பாடு படைமுகாம்களிலிருந்து எழுந்தது. கிடங்கிற் கிடந்த பழைய 0.45 துப்பாக்கிகள் மீண்டும் வழங்கப்பட்டன. இவ்வீரரைக் குறிக்க வழங்கிய ஸ்பானியச் சொல் 'ஹுராமென்தாதோ'. அதன் நேர்ப்பொருள் சத்தியஞ் செய்தவர் என்பது. ஆட்சியாளர் வழக்கில் அது மதவெறியர் என்னும் பொருளைப் பெற்றது. தாய்மண்ணைக் காக்க எழுந்தவனின் உறுதி வெறியென்று பெயர் மாறியதும், அவனை எதிர்கொள்வது அரசியற் பிரச்சினையாக இருந்த நிலை மாறி ரவையின் விட்டம் பற்றிய பிரச்சினையாயிற்று.

1906 மார்ச்சில் ஹோலோ தீவின் பூட் தாஹோ என்னும் எரிமலை வாயிலில் அடைக்கலம் புகுந்த மோரோக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட தொகையினர் கொல்லப்பட்டனர். எழுத்தாளர் மார்க் ட்வெயின் இதனைக் கடுமையாக எள்ளிச் சொல்லி எழுதுவித்த பகுதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

இதற்கிடையில் 1904இல், படைக்கல அதிகாரி தொம்ப்சன், படைமருத்துவர் லா கார்ட் ஆகிய இருவரும் சிக்காகோ நகரின் கால்நடைத் தொழுவங்களில் ஒரு பரிசோதனையை நடத்தினர். உயிருள்ள மாடுகள்மீதும் மனிதப் பிணங்கள்மீதும் பல்வேறு விட்டமுள்ள ரவைகள் சுடப்பட்டன. கைத்துப்பாக்கியின் ரவை 0.45 அங்குலத்துக்குக் குறைதல் ஆகாது என்பது அவர்களின் முடிபு. உயிர்நிலையிற் படாத எந்த ரவையும் ஒருவனை உடனே நிறுத்தும் என உறுதிகூற முடியாது என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டனர். பின்னாளில் இந்த இரண்டாம் பகுதி மறக்கப்பட்டு, முதற்பகுதி மட்டும் வேதவாக்காயிற்று. இதே தொழுவங்களின் தொழிலாளர் வாழ்வைத்தான் அப்டன் சின்கிளேயர் 'த ஜங்கிள்' என்னும் நாவலாக 1905இல் ஒரு சோசலிச வார இதழில் தொடராக எழுதி, மறுவருடம் நூலாக்கினார். ஒரே கொலைக்களம் ஏகாதிபத்தியத்தின் ஆய்வுகூடமாகவும் முற்போக்கு நாவலின் களமாகவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அளவுகோல் வகுக்கப்பட்ட பின்னரே உற்பத்தியாளர் அழைக்கப்பட்டனர். 1907இல் நிகழ்ந்த தேர்வில் கோல்ட், சாவேஜ் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும், லூகர் துப்பாக்கியை உருவாக்கிய ஜெர்மன் நிறுவனமும், வேறு சிலவும் பங்குகொண்டன. இறுதியில் மூன்றே எஞ்சின. மேலதிக சோதனைக்கென இருநூறு துப்பாக்கிகள் கோரப்பட்டபோது ஜெர்மன் நிறுவனம் விலகிக்கொண்டது. 1908இல் ஜெர்மன் இராணுவமே லூகரை ஏற்றது. சந்தையில் தடையற்ற போட்டி நிலவுவதாகக் கூறுவோர், அரசின் கொள்வனவு ஆணையே இங்கு சந்தையாக இருந்தது என்பதைக் காணத் தவறுகின்றனர்.

1911 மார்ச்சில் இறுதித் தேர்வு நடைபெற்றது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஆறாயிரம் ரவைகள் சுடப்பட்டன. நூறு ரவைக்கு ஒருமுறை சற்றே ஆறவிட்டனர். ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிட்டனர். பின்னர் வடிவங்கெட்ட ரவைகளை இட்டும், அமிலத்தில் தோய்த்துத் துருவேற்றியும், மணலிலும் சேற்றிலும் புதைத்தும் சுட்டனர். சாவேஜ் முப்பத்தேழு தடவை பழுதுற்றதாகவும் கோல்ட் ஒருதடவையேனும் பழுதுறவில்லை எனவும் பதிவாயிற்று. மார்ச் 29ஆம் நாள் கோல்ட் நிறுவனத்தின் துப்பாக்கி ஏற்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் பிரௌனிங். ஏழு ரவை கொள்ளும் கூடு, பிடியை இறுகப் பற்றினாலன்றி விசை இயங்காத பாதுகாப்பு, சுட்டவுடன் குழல் சற்றே தாழ்ந்து பூட்டு விடுபடும் முறை ஆகியன அதன் சிறப்பியல்புகள். அது நல்ல பொறி என்பதை மறுக்க எமக்குக் காரணம் எதுவுமில்லை.

இதே பிரௌனிங் தம் வடிவங்களை அமெரிக்காவில் கோல்ட் நிறுவனத்துக்கும் ஐரோப்பாவில் பெல்ஜிய நிறுவனமொன்றுக்கும் விற்றுவந்தார். மார்ச் 29 கழிந்து எண்பதாம் நாள், 1911 ஜூன் 17இல், மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பின்னர் தம்மைச் சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்திற் செய்த பிரௌனிங் துப்பாக்கியால். அவருக்குத் தெரிவு என ஒன்று இருக்கவில்லை. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமமற்ற இந்தியர் ஆயுதம் வைத்திருத்தல் குற்றம். கடல்கடந்து களவாக எது வந்து சேர்ந்ததோ அதுவே ஆயுதம். 1909இல் இலண்டனிலிருந்து பெட்டியின் கள்ளத்தட்டில் இருபது பிரௌனிங்குகள் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவின் ரொடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து ஐம்பது மௌசர் துப்பாக்கிகள் கடத்தப்பட்டபோது, வங்கப் புரட்சியாளரின் ஆயுதம் மௌசர் ஆயிற்று.

மணியாச்சியைத் தனித்து நோக்குதல் தகாது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டியது. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கோரிக்கைகளில் வெற்றியுங் கண்டனர். தலைவர்களின் கைதும் கொடுந்தண்டனையும் அவ்வியக்கத்தைச் சிதைத்தன. வெகுசன இயக்கம் நசுக்கப்பட்ட வெற்றிடத்திலேயே தனியொருவனின் துப்பாக்கி தோன்றுகிறது. வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் சனாதன தர்மத்தின் பெயரால் பேசிற்று; ஆலைத் தொழிலாளர் அதில் இல்லை. அவரது தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும் இக்கடிதத்தைப் படியாமல் துப்பாக்கியை மட்டும் போற்றும் எழுத்து தமிழில் மிகுதி.

தீவகத்து வீடுகளுக்கு இக்கதையின் வேறொரு பாத்திரம் நன்கு அறிமுகமானது. கால்மிதி சிங்கர் தையல் இயந்திரமே அது. சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877 முதல் வாணிபம் செய்கிறது. தவணைமுறையில் விற்கப்பட்ட அவ்வியந்திரம், கணவன் வெளியூரிற் கடைவைத்திருந்த குடும்பங்களிலும் விதவையர் வீடுகளிலும் சிறு வருவாய்க்கு வழிசெய்தது. இரண்டாம் உலகப்போரை எதிர்நோக்கிய அமெரிக்க அரசு, இதே நிறுவனத்திடம் 1911 மாதிரியில் ஐந்நூறு கைத்துப்பாக்கிகளைச் செய்வித்தது. பின்னர் அந்நிறுவனம் பீரங்கிக் குறிநோக்குக் கருவிகளின் உற்பத்திக்கு மாற்றப்பட்டது. போர்க்காலத்தில் மிக அதிகமாக இத்துப்பாக்கியைச் செய்தது தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்ட். புகைவண்டிச் சைகைக் கருவிகள் செய்த நிறுவனமொன்றும் செய்தது. ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தும்படி உறுப்புகளை ஒரேயளவில் ஆக்கும் உற்பத்திமுறை வளர்ந்தபின், தையல் இயந்திரத் தொழிலாளி துப்பாக்கித் தொழிலாளியாவதற்குச் சில மாதங்களே வேண்டியிருந்தன. இன்று அந்த ஐந்நூறும் சேகரிப்பாளரிடையே பெருவிலை பெறுகின்றன. பயன்மதிப்பில் ரெமிங்டன் துப்பாக்கிக்கும் அதற்கும் வேறுபாடில்லை. பொறித்த பெயருக்கும் அருமைக்குமே விலை.

1985இல் அமெரிக்க இராணுவம் இத்துப்பாக்கியை விடுத்து இத்தாலிய பெரெட்டாவை ஏற்றது. ஆயினும் காப்புரிமை காலாவதியான இவ்வடிவத்தை இன்று பலர் செய்கின்றனர். வாங்குவோர் விசையின் இலகுவையும், குழலின் பொருத்தத்தையும், விலையையும், ஊசியைத் தடுக்கும் மேலதிகப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதையும் ஒப்பிட்டு வாதிடுகின்றனர். இவற்றினும் பெயர்களே எமது கவனத்தைக் கவர்கின்றன. 1968இல் மூடப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்ட் அரச ஆயுதசாலையின் பெயரைத் தனியார் நிறுவனமொன்று சூடிக்கொண்டது. அதன் துப்பாக்கிகள் பலவற்றின் உடற்பகுதி பிரேசிலில் ஆக்கப்பட்டு வந்தது. ராக் ஐலண்ட் என்னும் மற்றோர் அமெரிக்க ஆயுதசாலையின் பெயரைத் தாங்கி மலிவு விலையில் விற்பனையாகும் துப்பாக்கியோ, மணிலாவை அடுத்த மரிகினா நகரின் ஆர்ம்ஸ்கோர் தொழிற்சாலையில் ஆவது. மோரோக்களை வீழ்த்தவென வகுத்த 0.45 அங்குல விட்டத்தைப் பிலிப்பைன் தொழிலாளர் இன்று கடைந்து அமெரிக்கச் சந்தைக்கு அனுப்புகின்றனர். பழம்பாணியை விரும்பி மலிவானதைத் தெரிவுசெய்யும் நுகர்வோன், தன் தெரிவில் மரிகினாவின் கூலிவீதமும் அடங்கியுள்ளதை அறிவதில்லை.

எமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் ஆயுதத்தை உரிமம் பெற்றோர்க்கு உரியதாக்கிற்று. 1971 ஏப்ரலில் கிளர்ந்த மக்கள் விடுதலை முன்னணி இளைஞரிடம் இருந்தவை பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகளும் கையாற் செய்த குண்டுகளுமே. அவர்தம் தலைவர் றோகண விஜேவீர சிறைவைக்கப்பட்ட இடங்களுள் ஹம்மன்ஹீலும் ஒன்று. இன்று அக்கோட்டை கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகச் சென்ற மக்களிடம் துப்பாக்கி இருக்கவில்லை. 1975 ஜூலை 27இல், காரைநகர்த் தாம்போதியின் மறுமுனையிலுள்ள பொன்னாலை வரதராசப்பெருமாள் கோயில் வாயிலில், யாழ்ப்பாண மேயர் அல்பிறட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட ஒன்பதாண்டுகளில் வடபுலத்து வெகுசன இயக்கங்களுக்கு நேர்ந்தது யாது என்பது இன்னும் முறையாக எழுதப்படவில்லை. எந்த ஆயுதம் எவரிடமிருந்து வந்தது என்னும் நினைவுக்குறிப்புகளோ நிறையவே உள.

1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. உயிர்தப்பியோர் கடற்படையினரையே சுட்டினர். குழந்தைகள் உள்ளிட்ட பயணிகள் கத்தியாலும் கோடரியாலும் வெட்டிக் கொல்லப்பட்டனர். சுடுகலன் கைவசமிருந்தோர் அன்று அதனைத் தெரிவுசெய்யவில்லை. நெடுந்தீவு மாவிலித்துறையில் ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கூடுகின்றனர்.