டெக்சாஸ் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன்: பதவி நீக்கமும் அதன் எல்லையும்

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்கள் வாக்கில் வருபவர். நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர். டெக்சாஸில் அவரைக் காலத்துக்கு முன்பே பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால், சட்டமன்றத்தின் கீழவை குற்றம் சாட்ட வேண்டும், மேலவை விசாரித்துத் தீர்க்க வேண்டும். டெக்சாஸ் வரலாற்றில் அப்படிக் குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட ஒரே ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன்.

1871-இல் சலாடோ என்ற ஊருக்கு அருகே பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். பதினாறு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பின்னர் வழக்கறிஞரானார், டெம்பிள் நகரில் வங்கி முதலாளியுமானார். 1914 ஆளுநர் தேர்தலில் அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் குத்தகை விவசாயிகள். தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு, பருத்தியில் நான்கில் ஒரு பங்கு என்பது அங்கே பழைய வார வழக்கு. நிலவுடைமையாளர்கள் அதற்கு மேலும் கேட்கத் தொடங்கியிருந்தனர். அந்த அளவை மீறக் கூடாது என்று ஃபெர்குசன் 1915-இல் சட்டம் கொண்டுவந்தார். அது சரிவர அமலாகவில்லை; பிறகு நீதிமன்றமும் செல்லாது என்றது. ஆனாலும் தங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் பேசினார் என்பதை அந்த விவசாயிகள் மறக்கவில்லை. அவர்களுடைய நன்றியை அறியாமை என்று ஒதுக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மோதல் வெடித்தது பல்கலைக்கழகத்தில். ஆஸ்டினில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தமக்குப் பிடிக்காத பேராசிரியர்களை நீக்கச் சொன்னார் ஃபெர்குசன். நிர்வாகம் மறுத்தது. 1917 ஜூனில் பல்கலைக்கழகத்துக்கான நிதி ஒதுக்கீட்டை கிட்டத்தட்ட முழுவதுமாக ரத்து செய்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய வங்கி விவகாரங்களை விசாரித்த கீழவைக் குழு, பதவி நீக்கம் வரை போகாமல் விட்டிருந்தது. நிதியில் கைவைத்த பிறகே பழைய கணக்குகள் மீண்டும் வெளியே வந்தன.

ஜூலையில் டிராவிஸ் மாவட்ட நடுவர் குழு அவர்மீது குற்றம் சாட்டியது. கீழவைத் தலைவர் ஃபிராங்க்ளின் ஃபுல்லர் சிறப்புக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். அந்த அதிகாரம் ஆளுநருக்கே உரியது என்பதால் அழைப்பே ஐயத்துக்குரியதாக இருந்தது. பல்கலைக்கழக நிதிக்காக ஃபெர்குசன் தாமே சட்டமன்றத்தைக் கூட்டவே அந்தச் சிக்கல் தீர்ந்தது. கீழவை 21 குற்றச்சாட்டுகளை வைத்தது. மேலவை மூன்று வாரம் விசாரித்து, பத்தில் அவரைக் குற்றவாளி என்றது. ஐந்து பொதுப்பணத்தை முறைகேடாகக் கையாண்டது பற்றியவை. மூன்று பல்கலைக்கழகத்தோடு நடத்திய சண்டை பற்றியவை. ஒன்று வங்கிச் சட்ட மீறல். பத்தாவதுதான் மக்களை உலுக்கியது: 1,56,500 டாலரை ரொக்கமாகப் பெற்றிருந்தார், கொடுத்தவர் யாரென்று சொல்ல மறுத்தார். அந்தப் பணம் மதுபான ஆலை முதலாளிகளிடமிருந்து வந்தது என்பது பின்னர் தெரிந்தது. மதுவிலக்கு வேண்டுமா என்று மாநிலமே பிளவுபட்டு நின்ற காலத்தில், மதுவிலக்கை எதிர்த்த ஓர் ஆளுநர் இந்தப் பணத்தை வாங்கியதற்கு எந்தச் சமாதானமும் போதாது.

தீர்ப்பு அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாள் அவர் பதவி விலகினார். பதவியில் இல்லாதவனை எப்படித் தண்டிப்பீர்கள் என்பது அவர் வாதம். மேலவை 25க்கு 3 என்ற வாக்கில் தண்டனையை உறுதிசெய்து, மாநிலப் பதவி எதையும் இனி வகிக்கக் கூடாது என்றது. அப்படியும் 1918-இல் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் வில்லியம் ஹாபியை எதிர்த்து நின்று தோற்றார். பெண்களின் வாக்குரிமையை எதிர்த்து வந்த அவருக்கு எதிராக, அந்தத் தேர்வில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 1922-இல் கூட்டாட்சி மேலவைக்கு முயன்றார். மாநிலத் தடை அந்தப் பதவியைக் கட்டுப்படுத்தாது. அங்கும் தோல்வியே.

1924-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருடைய வாதத்தை நிராகரித்தது: விசாரணை நடக்கும்போது ராஜினாமா செய்து தண்டனையிலிருந்து தப்ப முடியாது. பதவி நீக்க அதிகாரத்துக்கு உயிர் கொடுத்தது இந்தத் தீர்ப்புதான் என்பது என் துணிபு. இல்லையேல் ஒவ்வொரு குற்றவாளியும் கடைசி நாளில் ஒரு கடிதம் எழுதிவிட்டு அடுத்த தேர்தலில் திரும்பி வந்திருப்பார்.

ஆனால் அதே ஆண்டு அவர் மனைவி மிரியம் வேட்பாளரானார். ஒரு வாக்குக்கு இரண்டு ஆளுநர்கள் என்று தம்பதியர் வெளிப்படையாகவே பிரசாரம் செய்தனர். வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் ஆதரித்த ஃபீலிக்ஸ் ராபர்ட்சன் எதிரே நின்றதால், ஃபெர்குசனை வெறுத்தவர்கள் பலரும் மிரியமுக்கே வாக்களிக்க வேண்டியதாயிற்று; அவர் வென்றார். கணவருக்கு மன்னிப்பு வழங்கும் சட்டம் 1925-இல் நிறைவேறியது, 1927-இல் ரத்தானது. 1932-இல் மிரியம் மீண்டும் வென்றார். 1944-இல் இறக்கும்வரை ஜேம்ஸ் ஃபெர்குசனுக்கு மாநிலப் பதவி எதுவும் கிட்டவில்லை. ஆளுநர் அலுவலகத்தில் அவர் சொல் மட்டும் இரண்டு தடவை ஆட்சி செய்தது.